சுட்ட பழம் வேணுமா? - ஒரு சோமாசியின் கதை

தமிழ்ல ஒரு வசதி இருக்கு. தோசையும் சுடுவோம், வடையும் சுடுவோம், ரொட்டியும் சுடுவோம், செங்கல்லும் சுடுவோம். கல்லுல போட்டதா, எண்ணெயில போட்டதா, அடுப்புக்குள்ள தள்ளினதான்னு யாரும் கேக்கறதில்லை. சூடு பட்டு வெந்தா சரி, அது சுட்டதுதான். பாட்டி வடை சுட்டாங்க, காக்கா அந்த வடையைச் சுட்டுது. இந்த ரெண்டாவது 'சுட்டது' நம்ம பதிவர்கள் மத்தியில ரொம்பப் பிரபலம்ங்கறதால விளக்கம் வேண்டாம் :-)

இந்தப் பதிவு, ரெண்டு அர்த்தத்துலயும் சுட்ட ஒரு பலகாரத்தைப் பத்தினது. கையில அடங்குற சைஸ். மாவை வட்டமா இட்டு, உள்ளே தேங்காய், பருப்பு, உலர்ந்த பழம்னு இனிப்பா எதையாவது வெச்சு, பாதியா மடிச்சு, ஓரத்தை ஒட்டி, சுட்டு எடுக்கறது. பண்டிகைன்னா மட்டும்தான் பண்ணுவாங்க. ஐப்பசியில மயிலாப்பூர்ல பண்ணினா அது சோமாசி. கோவாவுல நெவ்ரி. மராட்டியத்துல கரஞ்சி. ஆந்திராவுல கஜ்ஜிகாயலு, கர்நாடகாவுல கர்ஜிகாயி. வடக்கே ஹோலிக்குப் பண்ணினா குஜியா. டிசம்பர்ல லண்டன்ல, கொஞ்சம் வடிவம் மாறி, மின்ஸ் பை.

ஒவ்வொரு வருஷமும் தீபாவளியிலேர்ந்து கிறிஸ்துமஸ் வரைக்கும் ஒரு வாக்குவாதம் காதுல விழுந்துக்கிட்டே இருக்கும். ஒரு கட்சி: "கேக்கு, பையெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம். நம்ம பாரம்பரியப் பலகாரம் சோமாசி இருக்கும்போது அது எதுக்கு?" எதிர்க்கட்சி: "என்னங்க பாரம்பரியம், சோமாசியே சமோசாவோட தம்பி. பாரசீகத்திலேர்ந்து வந்தது." ரெண்டு கட்சிக்காரங்களும் சோமாசியைத் திறந்து பார்க்காமலே பேசறாங்கங்கறது என் அபிப்பிராயம். அதனால நாம ஒரு சோமாசியை எடுத்து உடைச்சே பார்த்துடுவோம்.

முதல்ல உள்ளே என்ன இருக்கு? நம்ம வீடுகள்ல பொதுவா பொட்டுக்கடலைப் பொடி, சர்க்கரை, வறுத்த தேங்காய்த் துருவல் இல்லேன்னா கொப்பரை, ஏலக்காய், கொஞ்சம் கசகசா, நெய்யில வறுத்த முந்திரி, திராட்சை. வெளியே மைதா. சில வீட்டுல ரவையை ஊறவெச்சு இடிச்சு மேல்மாவு பண்றதும் உண்டு.

இதுல ஒவ்வொண்ணுக்கும் பாஸ்போர்ட் செக் பண்ணலாமா? தேங்காயும் ஏலக்காயும் நம்ம ஊர் ஆளுங்க, பிரச்னையில்லை. முந்திரி பிரேசில்காரன். 16ஆம் நூற்றாண்டுல போர்ச்சுகீசியர் கொண்டுவந்து மேற்குக் கடற்கரையில நட்டது, அங்கேர்ந்து நம்ம பண்ருட்டி வரைக்கும் பரவிடுச்சு. உலர்ந்த திராட்சைக்கு நாம சொல்ற 'கிஸ்மிஸ்' பாரசீகச் சொல். ஆப்கானிஸ்தான் பக்கத்திலேர்ந்து வியாபாரிங்க மூட்டை கட்டிக் கொண்டுவந்த சரக்கு. கசகசா செடியோட பூர்வீகம் மத்தியதரைக்கடல் பக்கம்; பேரும் அங்கேர்ந்து வழிநெடுக வந்த பேருதான். 'மைதா'வும் பாரசீகத்திலேர்ந்து வந்த வார்த்தை.

சர்க்கரை கதை இன்னும் வேடிக்கை. கரும்பைப் பிழிஞ்சு காய்ச்சி கட்டியாக்குற வித்தையை உலகத்துக்குக் கத்துக்கொடுத்ததே இந்தியாதான். ஆனா வெள்ளைச் சர்க்கரைக்கு நாம வெச்ச பேரைப் பாருங்க. ஒண்ணு 'சீனி', அதுல சீனா இருக்கு. இன்னொண்ணு 'அஸ்கா'. பழைய மளிகை லிஸ்டுல 'அஸ்கா 2 கிலோ'ன்னு எழுதியிருக்கும், சின்னப் பசங்களுக்குப் புரியாது. அஸ்காங்கறது ஒரு ஊரு. கஞ்சாம் ஜில்லாவுல இருக்கு. 1936ல ஒரிசா தனி மாகாணம் ஆகறவரைக்கும் அது சென்னை மாகாணத்துலதான் இருந்தது. 19ஆம் நூற்றாண்டுல அங்கே ஒரு பெரிய சர்க்கரை ஆலை வந்தது. அதோட சரக்கு இங்கே வந்து வந்து, ஊர் பேரே பொருள் பேராகிப் போச்சு.

ஆக, நம்ம 'பாரம்பரியப் பலகார'த்துக்குள்ள பிரேசில், ஆப்கானிஸ்தான், மத்தியதரைக்கடல், பாரசீகம், ஒரிசா எல்லாம் உக்காந்திருக்கு. எதிர்க்கட்சிக்கு ஒரு பாயின்ட்.

அவசரப்படாதீங்க. பூரணம்னு ஒண்ணு இருக்கே! இனிப்பை உள்ளே வெச்சு மாவால மூடறது நமக்கு யாரும் வந்து சொல்லிக்கொடுத்த வித்தை இல்லை. சங்க இலக்கியத்துல, பத்துப்பாட்டுல ஒண்ணான மதுரைக்காஞ்சியிலேயே, மதுரைத் தெருவுல ராத்திரி வியாபாரத்துல விக்கற பண்டங்கள்ல உள்ளீடு வெச்ச மோதகம் வருது. அதுக்கு உரை எழுதின நச்சினார்க்கினியர், உள்ளே இருக்கறது பருப்பும் தேங்காயும் சர்க்கரையும்னு விளக்கறார். நம்ம கொழுக்கட்டைப் பூரணத்தையும் சோமாசிப் பூரணத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க, அண்ணன் தம்பின்னு தெரியும். ஆளுங்கட்சிக்கும் ஒரு பாயின்ட்.

அப்போ வித்தியாசம் எங்கே? ஈரத்துல. கொழுக்கட்டை, சுகியன், போளி எல்லாம் ஈரப் பூரணம். பாகு வெச்சுக் கிளறினது. அன்னிக்கே சாப்பிடணும், மறுநாள் மதியம் நூல் விட ஆரம்பிச்சுடும். சோமாசிப் பூரணம் உலர்ந்தது. பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுபட்டது, தேங்காயை ஈரம் போக வறுத்தாச்சு, சர்க்கரை இருக்கற கொஞ்சநஞ்ச ஈரத்தையும் இழுத்து வெச்சுக்கும். வெளியே எண்ணெயில பொரிஞ்ச மொறுமொறு ஓடு. ஓட்டை இல்லாம ஒட்டியிருந்தா டப்பாவுல பத்து நாள் தாராளமா நிக்கும். அதனாலதான் இது ஊருக்குக் கொண்டுபோற பலகாரம், பக்கத்து வீட்டுக்குத் தட்டுல வெச்சு அனுப்பற பலகாரம். சாமிக்கு நைவேத்தியம் பண்ணி உடனே சாப்பிடறதுக்குக் கொழுக்கட்டை. நாலு பேருக்குக் கொடுக்கறதுக்கு சோமாசி.

இந்த 'உலர்ந்த பூரணம், பொரிச்ச ஓடு' ஐடியா எழுத்துல எங்கே வருது? பாக்தாத்துக்குப் போகணும். 1226ல அல் பாக்தாதின்னு ஒருத்தர் சமையல் புத்தகம் எழுதினார். அதுல 'சன்பூசஜ்' வருது. கறி வெச்சது முக்கியமானது. ஆனா கூடவே சர்க்கரையும் பொடிச்ச பாதாமும் உள்ளே வெச்ச இனிப்பு வகையும் சொல்றார். பொரிக்கிறது எதுலன்னு நினைக்கறீங்க? நல்லெண்ணெய்ல!

நூறு வருஷம் கழிச்சு அது டெல்லிக்கு வந்தாச்சு. 1334ல டெல்லிக்கு வந்த இபின் பதூதா, முகமது பின் துக்ளக் அரண்மனை விருந்துல, கொத்துக்கறியும் பாதாம், பிஸ்தாவும் மெல்லிசான மாவுல சுத்தி நெய்யில பொரிச்ச 'சமூசக்' பரிமாறினதை எழுதி வெச்சிருக்கார். இந்த ஆள் அதோட நிக்கலை. 1340களில் நம்ம மதுரைக்கே வந்துட்டார், அப்போ மதுரையில சுல்தான்கள் ஆட்சி. 1590கள்ல அக்பரோட அமைச்சர் அபுல் பசல் எழுதின அயினி அக்பரியில, 'குதாப்'னு ஒரு பண்டத்தைச் சொல்லிட்டு, அதை இந்துஸ்தானத்து ஜனங்க சன்பூசான்னு சொல்றாங்கன்னு எழுதறார். இரான்ல யஸ்த்ங்கற ஊர்ல 'கொத்தாப்'னு இன்னிக்கும் ஒரு இனிப்பு பிரபலம். உள்ளே பொடிச்ச பாதாம், சர்க்கரை, ஏலக்காய், எண்ணெயில பொரிச்சது. அவங்க புத்தாண்டான நவ்ரோஸ் பண்டிகைக்கு வீட்டுக்கு வீடு இருக்கும். பாதாமுக்குப் பதிலா பொட்டுக்கடலை வெச்சா என்ன ஆகும்னு நான் சொல்லணுமா?

பேரைப் பத்தியும் ஒரு வார்த்தை. சோமன்னா சந்திரன், பிறை மாதிரி இருக்கறதால சோமாசின்னு ஒரு விளக்கம் உண்டு. கேக்க அழகா இருக்கு. ஆனா கரஞ்சி, கஜ்ஜிகாய், கர்ஜிகாயின்னு சுத்தியிருக்கற மொழிகள்ல எல்லாம் 'க'வுல ஆரம்பிக்கற பேரு ஒரே குடும்பமா இருக்க, தமிழ்ல மட்டும் 'ச'வும் 'ம'வும் 'ச'வும் வருது. சமோசாவும் அதே மூணு எழுத்து. என் ஓட்டு சமோசாவுக்குத்தான். சந்திரனைப் பிடிச்சவங்க பின்னூட்டத்துல சண்டைக்கு வரலாம்.

சரி, பேரு பாரசீகம், பூரணம் தமிழ், முந்திரி பிரேசில். இன்னும் ஒரு சாட்சி பாக்கி இருக்கு. சோமாசிக் கரண்டி!

மயிலாப்பூர் மாட வீதிப் பாத்திரக் கடைகள்லயும் தி.நகர் பக்கமும் கேட்டா எடுத்துக் கொடுப்பாங்க. ஒரு பக்கம் குட்டிக் கரண்டி, மறுபக்கம் பல்லு பல்லா ஒரு சின்னச் சக்கரம். கரண்டியால பூரணத்தை அள்ளி வைக்கணும், மடிச்சப்புறம் சக்கரத்தை ஓரத்துல ஓட்டினா மிச்ச மாவு வெட்டுப்பட்டு, ஓரம் நெளிநெளியா வரும். பித்தளையில பண்ணின பழைய கரண்டியைப் பரம்பரைச் சொத்தா வெச்சிருக்கற வீடுகள் உண்டு. இப்போ பிளாஸ்டிக் அச்சு வந்துடுச்சு. மாவை வெச்சு ஒரு அமுக்கு, முடிஞ்சது கதை.

1570ல போப்பாண்டவருக்குச் சமைச்ச பார்த்தொலொமியோ ஸ்காப்பி இத்தாலியில ஒரு பெரிய சமையல் புத்தகம் போட்டார். அதோட விசேஷமே சமையலறைச் சாமான்களோட படங்கள். அந்தப் படங்கள்ல பேஸ்ட்ரி வெட்டற பல்சக்கரமும் இருக்கு. ஐரோப்பா முழுக்கப் புழங்கின சாமான் அது. 19ஆம் நூற்றாண்டுல திமிங்கல வேட்டைக்குப் போன மாலுமிங்க, பொழுதுபோகாம திமிங்கல எலும்புலயும் பல்லுலயும் இந்தச் சக்கரத்தைச் செதுக்கி வீட்டம்மாவுக்குப் பரிசா கொண்டுபோவாங்களாம். அமெரிக்க மியூசியங்கள்ல வரிசையா வெச்சிருக்காங்க. சோமாசிக் கரண்டியும் அதுவும் ஒரே சாதி.

ஐரோப்பியர் நம்ம தெருவுக்கு வந்த நேரமும் அதுதான். 1520களிலேயே போர்ச்சுகீசியர் சாந்தோம்ல குடியேறியாச்சு. 1606ல மயிலாப்பூர் தனி மறைமாவட்டம் ஆச்சு. கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டை கட்டினது 1640ல. அதுக்கு நூறு வருஷத்துக்கு மேல முன்னாடியே சாந்தோம்ல கிறிஸ்துமஸ் கொண்டாடியிருக்காங்க. கல்கல்லும் ரோஸ் குக்கியும் (நம்ம அச்சுமுறுக்கு) கிறிஸ்துமஸ் தட்டுல உக்காந்தது இந்த ஐரோப்பிய வழியிலதான்.

இங்கே ஒரு கசப்பையும் சொல்லிடணும். வரலாறு முழுக்க பூரணம் மட்டும் இல்லை. பழைய கபாலீஸ்வரர் கோயில் கடலோரத்துல இருந்ததாவும், போர்ச்சுகீசியர் காலத்துல அது அழிஞ்சு, இப்போ இருக்கற இடத்துல மறுபடி கட்டினதாவும்தான் வரலாற்றாசிரியர்கள் சொல்றாங்க. பழைய கோயிலோட கல்வெட்டுத் துண்டுகள் சாந்தோம் பக்கம் கிடைச்சிருக்கு. அதே போர்ச்சுகீசியர் கையில இருந்த கோவாவுல இன்னும் மோசம். அங்கே மத விசாரணை மன்றம் 1736ல ஒரு உத்தரவு போட்டது. மதம் மாறினவங்க பழைய வழக்கம் எதையும் வெச்சுக்கக் கூடாதுன்னு நீளமா ஒரு பட்டியல். இந்துக்கள் மாதிரி உப்பு போடாம சோறு வடிக்கக் கூடாதுங்கறது கூட அதுல இருக்கு. அரிசிப் பானைக்குள்ள எட்டிப் பார்த்த அரசாங்கம்!

ஆனா நெவ்ரி என்ன ஆச்சு? கோவாவுல பிள்ளையார் சதுர்த்திக்கு இந்து வீட்டுல நெவ்ரி. கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்தவ வீட்டுல நெவ்ரி. அதே பிறை, அதே நெளிநெளி ஓரம், உள்ளே அதே தேங்காய். உத்தரவு போட்ட மன்றம் 1812ல கலைஞ்சு போச்சு. நெவ்ரி இன்னும் பொரியுது.

இதே மாதிரி ஒரு கதை இங்கிலாந்துலயும் நடந்தது. மின்ஸ் பையில இப்போ கறி கிடையாது. திராட்சை, ஆப்பிள், ஆரஞ்சுத் தோல், பட்டை, கிராம்பு, கொஞ்சம் பிராந்தி, அவ்வளவுதான். ஆனா 1615ல ஜெர்வேஸ் மார்க்கம் எழுதின சமையல் குறிப்புல ஆட்டுக்கால் கறியும் கொழுப்பும் திராட்சையும் பேரீச்சையும் ஒண்ணா இருக்கும். கறியும் பழமும் மசாலாவும் கலக்கற ருசி ஐரோப்பாவுக்கு மேற்காசியா பக்கத்திலேர்ந்து போனதுன்னு சொல்வாங்க, அதாவது நம்ம சன்பூசஜோட தாய்வீட்டுப் பக்கம். காலப்போக்குல கறி குறைஞ்சு பழம் கூடிச்சு. 1861ல வந்த மிசஸ் பீட்டன் புத்தகத்துல கறி போட்டது, கறி போடாததுன்னு ரெண்டும் இருக்கு. அப்புறம் கறி காணாமலே போச்சு, பேரு மட்டும் மிச்சம். இங்கேயும் சூட்சுமம் சோமாசியோடதுதான்: சர்க்கரையும் கொழுப்பும் பிராந்தியும் சேர்ந்த பூரணம் ஜாடியில மாசக்கணக்கா கெடாது.

1647ல இங்கிலாந்து பார்லிமென்ட் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தையே ரத்து பண்ணிச்சு. பியூரிட்டன்கள் கை ஓங்கின காலம். 'மின்ஸ் பை சாப்பிட்டா ஜெயில், அந்தச் சட்டம் இன்னும் இருக்கு'ன்னு இணையத்துல ஒரு கதை சுத்தும். நம்பாதீங்க, பேர் சொல்லி பையைத் தடை பண்ணின சட்டம் எதுவும் கிடையாது. ஆனா பை சாப்பிடறவன் பழைய மதப்பற்றுக்காரன்னு சந்தேகமா பார்த்தது நிஜம். 1660ல ராஜா திரும்பி வந்தார், கிறிஸ்துமஸும் வந்தது. வீட்டுல பண்ணிப் பழகின கை அதுக்குள்ள எதையும் மறக்கலை.

இந்த மின்ஸ் பையும் பிளம் கேக்கும் வெள்ளைக்காரங்களோட மதராஸுக்கு வந்தப்போ ரெண்டு சிக்கல். முதல் சிக்கல் பழம். ஆப்பிளும் செர்ரியும் இங்கே ஏது? நம்ம ஆளுங்க கண்டுபிடிச்ச வழி அபாரம். பப்பாளிக்காயைப் பொடியா நறுக்கி, பாகுல போட்டு, கலர் ஏத்தினா டூட்டி ஃப்ரூட்டி. களாக்காயைக் கொட்டை எடுத்து, பாகுல ஊறப்போட்டு, செக்கச்செவேல்னு சாயம் ஏத்தினா பேக்கரி செர்ரி. கேக் மேல இருக்கற அந்தச் செர்ரியை 'எனக்கு எனக்கு'ன்னு சண்டை போட்டுச் சாப்பிட்டிருக்கோமே, பெரும்பாலும் அது நம்ம ஊர் முள்ளுச்செடியில காய்ச்ச களாக்காய்தான். பிளம் கேக்குல பிளம் இல்லைன்னும் வருத்தப்படாதீங்க. பழைய இங்கிலீஷ்ல பிளம்னா உலர்ந்த திராட்சையையும் குறிக்கும்.

ரெண்டாவது சிக்கல் ஓவன். (தமிழ்ல 'அவன்'னு எழுதினா 'அவன் இல்லாத வீடு'ன்னு விபரீதமா படிக்க வேண்டியிருக்கும், அதனால ஓவன்.) எண்ணெய் சூட்டைச் சட்டுனு கடத்தும், சோமாசி மூணு நாலு நிமிஷத்துல பொன்னிறம் ஆயிடும். அதுக்கு ஒரு விறகடுப்பும் இருப்புச்சட்டியும் போதும். ஓவன்ல சூட்டைக் கடத்தறது பெரும்பாலும் காத்துதான், அது ரொம்ப மந்தம். அதே சைஸ் பேஸ்ட்ரி வேக இருபது நிமிஷம் ஆகும், அதுவரைக்கும் சூடு நாலு பக்கமும் சமமா நிக்கணும். அதுக்குத் தனியா ஒரு கட்டுமானம் வேணும், நிறைய விறகு வேணும். ஐரோப்பாவுலயே ஏழை வீடுகள்ல ஓவன் கிடையாது, ஊர் பேக்கர்கிட்ட கொடுத்துச் சுட்டு வாங்குவாங்க. நம்ம ஊர்லயும் அதேதான். டிசம்பர் வந்தா வீட்டுல கேக் மாவைக் கலந்து, தட்டுல ஊத்தி, அடையாளத்துக்குப் பேரு எழுதி, தெருமுனை பேக்கரிக்கு எடுத்துட்டுப் போய் வரிசையில நிக்கறது சென்னைக் கிறிஸ்தவக் குடும்பங்கள்ல ரொம்ப நாள் இருந்த வழக்கம். அதுவும் முடியாதவங்க, சட்டியில மணலைப் பரப்பி, நடுவுல பாத்திரத்தை வெச்சு, மூடி மேலேயும் கங்கு போட்டு, கேக் சுட்டுடுவாங்க.

அதனாலதான் நம்ம பக்கம் பிறைப் பலகாரம் எண்ணெய்க்குள்ள போச்சு, அவங்க பக்கம் ஓவனுக்குள்ள போச்சு. பண்பாட்டுப் பெருமையை விட இதுல விறகுக் கணக்குதான் அதிகம்.

இந்த ரெண்டும் சந்திச்ச இடமும் உண்டு. 1898ல பெங்களூரு சிக்பேட்டையில ஹாசன்காரரான எச். எஸ். திருமலாசார் ஆரம்பிச்சது பி.பி. பேக்கரி. ஐயங்கார் பேக்கரிங்கற பரம்பரைக்கே அதுதான் மூத்தது. முட்டை போடாத கேக்கு, மசாலா பன்னுன்னு ஐயங்கார் பேக்கரிங்க புதுசா ஒரு உலகத்தையே உண்டாக்கிச்சு. அவங்க கண்ணாடிப் பெட்டியில 'தில்பசந்த்'னு ஒண்ணு இருக்கும். ரெண்டு அடுக்கு பேஸ்ட்ரி, நடுவுல இனிப்புத் தேங்காய்த் துருவல், டூட்டி ஃப்ரூட்டி, களாக்காய்ச் செர்ரி. சென்னை பேக்கரிகள்லயும் முக்கோணமா வெட்டி வெச்சிருப்பாங்க. சோமாசிப் பூரணம் மின்ஸ் பை ஓட்டுக்குள்ள போனா என்ன வருமோ அதுதான் தில்பசந்த். இதை யாரும் மாநாடு போட்டுத் தீர்மானிக்கலை.

இப்போ அந்த வாக்குவாதத்துக்கு வருவோம். சோமாசி நம்மளுதா, இல்லையா?

கேள்வியையே கொஞ்சம் மாத்தணும்னு தோணுது. அரசாங்கம் ரத்து பண்ணிச்சு, மன்றம் உத்தரவு போட்டது, பண்டிதர்கள் பேருக்கு வேர்ச்சொல் தேடினாங்க. இவ்வளவுக்கும் நடுவுல இந்தப் பலகாரம் ஒரு சமையலறையிலேர்ந்து இன்னொரு சமையலறைக்குப் போனது எப்படி? தட்டு வழியா. பக்கத்து வீட்டம்மா கொடுத்த தட்டுல இருந்ததைக் கடிச்சுப் பார்த்து, "இதுக்கு என்ன போட்டீங்க?"ன்னு கேட்ட பொம்பளைங்க வழியா. அவங்க பேரு எந்தக் கல்வெட்டுலயும் இல்லை. எழுதிவெச்சது அபூர்வம். சென்னையில 1951ல எஸ். மீனாட்சி அம்மாள் 'சமைத்துப் பார்' போட்டது பெரிய விஷயமா இன்னிக்கும் பேசப்படறது அதனாலதான். கடிதம் போட்டுக் கடிதம் போட்டு சமையல் குறிப்பு கேட்ட சொந்தக்காரங்களுக்குப் பதில் எழுதிச் சலிச்சுதான், இதையெல்லாம் ஏன் புத்தகமா போடக் கூடாதுன்னு ஆரம்பிச்சதாம் அது. அதுக்கு முன்னாடி பெரும்பாலும் வாய்வழி, கைவழி.

மயிலாப்பூர் மாதிரி இடத்துல இதுக்கு அர்த்தம் அதிகம். கோயிலுக்கும் பேராலயத்துக்கும் நடுவுல நடந்தே போயிடற தூரம். பழைய காயம் ரெண்டு பக்கமும் ஞாபகம் இருக்கற தெருக்கள். அப்படியும் தீபாவளிக்கு ஒரு பக்கம் சோமாசித் தட்டு போகும், காலித் தட்டா திருப்பக் கூடாதுன்னு சர்க்கரையாவது வெச்சு வரும். டிசம்பர் 25க்கு எதிர்ப்பக்கத்திலேர்ந்து கல்கல்லும் கேக்கும் வரும். அந்தக் கிறிஸ்துமஸ் தட்டுலயே முறுக்கும் அதிரசமும் சோமாசியும் இருக்கற தமிழ்க் கிறிஸ்தவ வீடுகள் எத்தனையோ. ரம்ஜான் மாசத்துல அந்தி சாய்ஞ்சா சமோசா வாசனை ஐஸ் அவுஸ் பக்கத்திலேர்ந்து வரும். மூணும் ஒரே குடும்பம்னு நாக்குக்குத் தெரியும், தலைக்குத்தான் தெரியாது.

'இது எங்களுது, அது உங்களுது'ன்னு சொல்ல ஆரம்பிச்சா முதல்ல நிக்கறது அந்தத் தட்டுதான். இன்னொண்ணாலயும் நிக்குது. இப்போ பெரும்பாலும் கடை ஸ்வீட் பாக்ஸ், செல்லோபேன் சுத்தின உலர் பழ டப்பா. அதுல குத்தம் ஒண்ணும் இல்லை, அடுக்குமாடி வீட்டுல ரெண்டு பேரும் வேலைக்குப் போனா யார் உக்காந்து ஓரம் மடிக்கறது? ஆனா கடை டப்பாவைப் பார்த்து "இதுக்கு என்ன போட்டீங்க?"ன்னு யாரும் கேக்க மாட்டாங்க. எட்டு நூறு வருஷமா இந்தப் பலகாரத்தை நடக்க வெச்ச கேள்வி அது. சோமாசி அழிஞ்சா ஒரு இனிப்பு போச்சு, அவ்வளவுதான். அந்தக் கேள்வி போனாதான் எனக்குக் கவலை.

சும்மா கவலைப்பட்டா போதாதுன்னு, ஓவன் வெச்சிருக்கற பதிவர்களுக்காக ஒரு குறிப்பு. டிசம்பருக்குப் பண்ணிப் பாருங்க. மைதா 250 கிராம், சில்லுனு இருக்கற வெண்ணெய் 125 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. விரல் நுனியால ரவை மாதிரி உதிர்த்து, 4-5 டேபிள்ஸ்பூன் ஐஸ் தண்ணி தெளிச்சுச் சேர்த்துப் பிடிச்சு, அரை மணி நேரம் ஃபிரிட்ஜுல. பிசைய வேண்டாம், பிசைஞ்சா ஜவ்வு மாதிரி ஆயிடும். பூரணத்துக்கு: பொடியா நறுக்கின பேரீச்சை 100 கிராம், கிஸ்மிஸ் 50, வறுத்த தேங்காய்த் துருவல் 50, முந்திரி 50, நாலு ஏலக்காய், கொஞ்சம் சுக்குப் பொடி, அரை மூடி எலுமிச்சை. மூணரை இஞ்ச் வட்டமா வெட்டி, பூரணம் வெச்சு, ஓரத்துல தண்ணி தொட்டு மடிச்சு, சோமாசிக் கரண்டியை ஓட்டி, மேலே கத்தி நுனியால ஒரு கீறல் (ஆவி போகணும், இல்லேன்னா வாயைத் திறந்துடும்). பால் தடவி, முன்னாடியே சூடேத்தின ஓவன்ல 190 டிகிரியில 20 நிமிஷம். பதினெட்டு இருபது வரும். எண்ணெயில பொரிக்கறதா இருந்தா இந்த மேல்மாவு ஆகாது. வெண்ணெய் ஜாஸ்தி, வாணலியில கரைஞ்சு காணாமப் போயிடும். பொரிக்கறதுக்கு ஒரு கப் மைதாவுக்கு ரெண்டு ஸ்பூன் நெய்யே போதும்.

பண்ணினா பாதியை வீட்டுல வெச்சுக்கிட்டு, மீதியைத் தட்டுல வெச்சு எதிர் ஃபிளாட்டுக்கு அனுப்புங்க. டப்பாவுல வேண்டாம், தட்டுதான். திரும்பி வருமில்ல?

டிஸ்கி: உங்க ஊர்ல, உங்க வீட்டுல இதுக்கு என்ன பேரு, பூரணத்துல என்ன போடுவாங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. மலேசிய, இலங்கை, மொரீஷியஸ் மக்கள் அவசியம் வரணும். ஓரத்தைக் கரண்டி இல்லாம விரலாலேயே பின்னல் மாதிரி மடிக்கத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா, படத்தோட ஒரு தனிப் பதிவே போடலாம், புண்ணியமாப் போகும் :-)